முதல் பிடிப் புல்

ஜாடியின் உள்பக்கத்தில் படிந்திருந்த நீர்த்துளிகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

கண் களைத்துவிட்டது என்றுதான் டினேயோ முதலில் நினைத்தாள். விடிந்ததிலிருந்து ஊர்க் குதிரைகளுக்கெல்லாம் புழு மருந்து புகட்டியிருந்தாள். முழங்கைவரை மருந்தின் சுண்ணாம்பு வாடையும் குதிரை எச்சிலின் புளித்த வாடையும் ஒட்டிக் காய்ந்திருந்தன. கம்பளிக் கிடங்கின் முதுகில் ஒட்டிக் கட்டிய இந்த ஒற்றை அறைதான் ஊரின் கால்நடை மருந்தகம்; அதில் ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, ஒரு ஜன்னல். ஜன்னல் திரைக்குப் பின்னால் அந்த ஜாம் ஜாடி பல நாளாக நின்றிருந்தது. உள்ளே மொஹாபியின் குதிரை நலேதியின் லத்தி, ஈரம் போகாமல் தளர மூடி வைத்தது. மூடிய ஜாடியில் ஆவி படியும். ஆவி திரண்டு துளியாகும். துளி கனத்துக் கீழே வழியும். தண்ணீர் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

இந்தத் துளிகள் வழியவில்லை. மலைமேல் சாய்ந்த வெயில் ஜாடியை ஊடுருவியபோது ஒவ்வொரு துளியும் லேசாகக் குலுங்குவது தெரிந்தது. குலுங்கி, நின்று, மறுபடி குலுங்கி, ஒரு மயிரிழை மேலே.

முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனாள். துளிக்குள் நூல்கள். தலைமுடியை நறுக்கித் தூவியது போல, அதைவிடச் சன்னமாக. அவை உடம்பைச் சாட்டையாக வீசி வீசி, தாம் கிடக்கும் நீரையே தம்மோடு இழுத்துக்கொண்டு ஏறின. ஜாடியின் வாயருகே வெண்படலமாகச் சேர்ந்திருந்தன. மூடியின் திருகுப் பள்ளத்துக்குள்ளும் போயிருந்தன.

மருந்து கொடுத்த குதிரை. மருந்து கொடுத்துச் சில நாள் கழித்து எடுத்த லத்தி. அதில் எந்தப் புழு முட்டையும் பொரித்திருக்கக் கூடாது.

அவளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல. கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி ஜாடியின்மேல் கவிழ்த்தாள்.

மொஹாபியிடம் இரண்டு குதிரைகள் இருந்தன. வண்டி போகாத மேல்மலை ஊர்களுக்குச் சோள மாவு மூட்டை ஏற்றிப்போவது அவன் பிழைப்பு. குளிர்காலம் முடியும் தறுவாயில் மூத்த குதிரை போனோலோ தண்ணீராகப் பேதி போய், விலா எலும்பு தெரிய வற்றி, ஓடைக்கரையில் விழுந்து செத்தது. தோலை உரித்தவர்கள் வயிற்றையும் திறந்துவிட்டு டினேயோவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவள் போனபோது பெருங்குடலைக் கீறி, ஓடையில் அலசி, கல்லின்மேல் விரித்திருந்தார்கள். ஈரத் துணியில் மிளகாய் விதைகளை அழுத்திப் பதித்தது போல உள்சுவர் முழுக்கப் புள்ளிகள். செம்பழுப்பு. புள்ளிக்கு ஒரு புழு, சுருண்டு, தூங்கிக்கொண்டு. கல்லூரியில் கண்ணாடித் தகட்டில் ஒன்றோ இரண்டோ பார்த்திருக்கிறாள். இங்கே சுவர் என்று ஒன்று மிச்சமில்லை.

சுற்றி நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தாலே அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு நாக்கு தானாக ஒரு சொல்லைக் கண்டுபிடித்தது. விஷச்செடி, என்றாள். ஓடைக்கரையில் முளைக்கிற ஏதோ விஷச்செடியைத் தின்றிருக்கிறது.

மொஹாபி தலையைத் தொங்கப்போட்டான். அங்கே கொண்டுபோய்க் கட்டினவன் நான்தான் என்றான். உடனே எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவளைப் பார்ப்பதை விட்டார்கள். அப்போது தனக்குள் பரவிய நிம்மதியை நினைத்தால் அவளுக்கு இப்போதும் காது சுட்டது.

மிச்சமிருந்த நலேதிக்கு, அவன் வந்து கெஞ்சியதால், மற்றக் குதிரைகளுக்கு முன்னாலேயே ஒரு முறை மருந்து கொடுத்தாள். லத்தியை ஜாடியில் வைத்ததும் அவளேதான். எதுவும் பொரிக்காது, தான் சொன்னது அவ்வளவு பெரிய பொய் இல்லை என்று தனக்கே காட்டிக்கொள்ளத்தான் வைத்தாள். பொரித்ததா என்று பார்க்கும் நாள் வந்தபிறகும் திரையை விலக்காமல் இருந்ததும் அவளேதான். இன்று, கடைசிக் குதிரையின் வாயிலும் மருந்தைப் புகட்டி முடித்தபின், விலக்கினாள்.

நாளைக் காலை தடைச்சரிவு திறக்கிறது.

ஊருக்கு மேலே, ஊற்றுக்கண் இருக்கும் சரிவு அது. ஊர்த் தலைவி தடை போட்டுவிட்டால் எந்தக் கால்நடையும் அதில் வாய்வைக்கக் கூடாது; முதல் மழைக்குப் பிறகு புல் இடுப்பளவு வந்ததும் அவளே தடையை எடுப்பாள். டினேயோ இந்த ஊருக்கு வேலைக்கு வந்த வருடம், பயந்து பயந்து, ஒரு யோசனை சொன்னாள். எல்லாக் குதிரைக்கும் ஒரே நாளில் மருந்து. மறுநாளே சரிவுக்கு. சுத்தமான வயிறு, சுத்தமான புல். தலைவிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. மூன்று வசந்தங்களாக அப்படியே நடக்கிறது. குதிரைகள் மட்டும் வருடத்துக்கு வருடம் மெலிந்தன. குளிர் கடுமை என்று டினேயோ சொல்லியிருந்தாள்.

இப்போது முக்காலியில் உட்கார்ந்து அதை ஒரு கணக்குப் போலப் போட்டுப் பார்த்தாள். மருந்தில் செத்தவை செத்தன. சாகாதவை மறுநாள் காலை, வேறு புழுவே இல்லாத புல்லுக்குப் போயின. அங்கே அவை மட்டும் முட்டையிட்டன. அவை மட்டும் பொரித்தன. பனி மூடிய மாதங்களில் எதையும் தின்னாமல் காத்துக் கிடந்தன. அடுத்த வசந்தத்தில் அதே மருந்து, அதே சரிவு. விதைக்குப் பொறுக்குவது போலப் பொறுக்கி, ஒரு மலைச்சரிவு முழுக்க அவள் விதைத்திருக்கிறாள். சும்மா விட்டிருந்தால்கூட இப்படி ஆகியிருக்காது. இப்படிச் செய்யப் படித்திருக்க வேண்டும்.

கதவு தட்டாமலே திறந்தது.

"என்ன பொண்ணே, கதவைச் சாத்திக்கிட்டு? மாப்பிள்ளை யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கியா?"

தலைவி மாசெலோ. புருஷன் இறந்தபின் ஊரை ஆள்பவள். கனத்த உடம்பு, கனத்த போர்வை, எந்த அறைக்குள் வந்தாலும் அந்த அறை சின்னதாகிவிடும். மருந்துப் பெட்டியின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பக்கத்துப் பள்ளத்தாக்குத் தலைவர் நாளைக்கு நேரில் வந்து பார்க்கப்போகிறார், தன் ஊரிலும் இதையே செய்யவிருக்கிறார் என்று பெருமையாகச் சொன்னாள். சரிவுக்குள் முதலில் போய், முதல் பிடிப் புல்லை அறுத்து, முதல் குதிரைக்குத் தன் கையால் ஊட்டுவது ஊர்த் தலைவர் குடும்பத்தின் உரிமை. அதை மாசெலோ டினேயோவுக்குக் கொடுத்திருந்தாள், யோசனை அவளுடையது என்பதால்.

"நாளைக்காவது அந்த நல்ல போர்வையைப் போட்டுக்க. சாவு வீட்டுக்கு வந்தவ மாதிரி நிக்காத. வர்றவரு உன்னைத்தான் பாப்பாரு."

டினேயோ சிரிக்க முயன்றாள். மேசையில், தொப்பிக்கு அடியில், மெலிதாக ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியில் ஈரவிரல் உரசுவது போல. தலைவிக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.

"அந்த மொஹாபி வேற வந்து புலம்பிட்டுப் போறான். சரிவுப் பக்கம் கூட்டிட்டுப் போனா நலேதி காலை ஊணிக்கிட்டு நின்னுடுதாம். 'அம்மா, அது எதையோ கேக்குதும்மா'ங்கறான். நான் சொன்னேன், நீ வழியெல்லாம் பாடுற பாட்டைத்தான்டா கேட்டிருக்கும், அதான் நடக்க மாட்டேங்குதுன்னு." தன் பேச்சுக்குத் தானே குலுங்கிச் சிரித்தாள்.

"அம்மா," என்றாள் டினேயோ.

"சொல்லு."

சத்தம் நின்றிருந்தது. தலைவி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அன்பாக. அந்த அன்புதான் தாங்கவில்லை.

"மருந்து..."

"ஏன், தீந்துபோச்சா? யாருக்காவது விட்டுப்போச்சா?"

"இல்லம்மா. எல்லாத்துக்கும் கொடுத்தாச்சு."

"அப்பறம் என்ன? போய்ப் படுத்துத் தூங்கு," என்று தலைவி எழுந்தாள்.

வீட்டுக்குப் போகும் பாதை தடைச்சரிவின் எல்லைக் கற்குவியல்களை ஒட்டியே ஏறும். வெயில் போயிருந்தது, இருட்டு இன்னும் வரவில்லை, இரண்டுக்கும் இடையில் மூடுபனி மலைமுகட்டிலிருந்து நழுவி இறங்கி, ஆட்டுமணிகளின் ஓசையையும், காய்ந்த சாணி எரியும் புகை வாடையையும், கீழே யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடும் குரலையும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. கடைசியில் அவளுக்குக் கேட்டது தன் காலடியும், போர்வைக்குள் தன் மூச்சும் மட்டும்தான். காற்றே இல்லை. கீழே ஒரு வீட்டிலிருந்து எழுந்த புகை கம்பு நட்டது போல நேராக நின்றது. முதல் மழையில் தழைத்த புல் கற்குவியல்களுக்கு அப்பால் இடுப்பளவு நின்றது, பச்சை என்று சொல்ல முடியாத பச்சையில். இந்த மலையில் வேறெங்கும் புல் அப்படி வளரவில்லை.

அவள் காலடி நின்றது. வேறொரு சத்தம் நிற்கவில்லை.

ஈரமான சத்தம். பிசைந்த மாவிலிருந்து விரல்களை மெல்ல எடுப்பது போல. அதையே கணக்கில்லாத கைகள், யாருக்கும் தெரியாமல், சேர்ந்து செய்வது போல. இடப்பக்கமிருந்து வந்தது. மேலிருந்தும் கீழிருந்தும் வந்தது. சரிவு முழுவதும்.

புல் நுனிகளில் பனித்துளிகள் இருந்தன. ஒன்றுகூட விழவில்லை. தண்டின் அடியிலிருந்து வேறு துளிகள் ஏறிவந்து அவற்றோடு சேர்ந்தன. பாரம் தாங்காமல் நுனிகள் வளைந்தன. வளைந்த நுனிகளெல்லாம் பாதைப் பக்கமே வளைந்திருந்தன.

அவற்றுக்குக் கண் இல்லை, காது இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மங்கிய வெளிச்சத்தில், ஈரம் இருந்தால், புல்லின்மேல் ஏறும். குதிரை அந்தப் புல்லைத் தின்றால் உள்ளே போகும். தின்னாவிட்டால் புழு சாகும். யார் வந்து நிற்கிறார்கள் என்று அவற்றுக்குத் தெரியாது. பாடத்தில் அப்படித்தான் இருந்தது.

பாதையில் பத்தடி முன்னால் நகர்ந்தாள். அவள் முதலில் நின்ற இடத்துக்கு எதிரே இருந்த புல் மெதுவாக நிமிர்ந்தது. இப்போது நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த புல் குனிந்தது.

அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. வந்த வழியே இறங்கி, மொஹாபியின் வீட்டுக்கு ஓடினாள். ஊருக்கே சொல்ல வேண்டாம். தலைவிக்குச் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு ஆளிடம் சொன்னால் போதும். ஒரு ஆளிடம் சொல்ல முடியும்.

மொஹாபி கல் பட்டிக்குள் விளக்கை வைத்துக்கொண்டு நலேதியின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள செந்நிறப் பெண்குதிரை. போர்வை போர்த்தியும் இடுப்பெலும்பு முட்டிக்கொண்டு தெரிந்தது.

"வா தங்கச்சி. என்ன இப்படி மூச்சு வாங்குது? நாய் துரத்துச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினாள். அதுவும் பொய்.

நாளைக்கு முன்னால் ஒரு தடவை குதிரையைப் பார்க்கலாம் என்று வந்ததாகச் சொன்னாள். அவனுக்கு முகம் மலர்ந்தது. விளக்கை உயர்த்திப் பிடித்தான். பையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டி, நலேதியின் விலாவுக்குப் பின்னால் வைத்தாள். நல்ல குதிரையின் வயிறு ஒரு வீடு போலச் சத்தம் போடும். தூரத்து இடி, குழாயில் தண்ணீர், பலகை நகர்வது. நலேதியின் வயிற்றில் எதுவும் இல்லை. குழலை இன்னும் அழுத்தினாள்.

பிறகு கேட்டது. சற்றுமுன் சரிவில் கேட்டதேதான். பிசைந்த மாவிலிருந்து விரல்கள். உள்ளே, தோலுக்கு அந்தப் பக்கம், நெருக்கமாக.

குடலில் இருக்கும் வளர்ந்த புழுக்கள் செத்தால் சுவருக்குள் தூங்குபவை விழிக்கும். இடம் காலியானது அவற்றுக்கு எப்படியோ தெரிந்துவிடும். எப்படி என்று பாடத்தில் இல்லை. இன்றைய மருந்து எளிதில் சாகக்கூடியவற்றைக் கொன்றிருக்கும். அந்தக் காலியிடம் போதும்.

அவள் மூச்சை அடக்கினாள். உள்ளேயும் அடங்கியது.

விட்டாள். உள்ளே மறுபடி தொடங்கியது.

"என்ன சொல்லுது?" என்றான் மொஹாபி.

அவள் குழலைக் காதிலிருந்து எடுத்தாள். சத்தம் காதிலிருந்து போகவில்லை.

"தங்கச்சி, நான் ஒண்ணு கேக்குறேன்." அவன் விளக்கைத் தரையில் வைத்தான். முகம் இருட்டுக்குள் போயிற்று. அவன் பேச அது வசதியாக இருந்திருக்கும். "ஒரு தடவை நான் தப்புப் பண்ணிட்டேன். போனோலோவ அந்த ஓடைக்கரையில கட்டினது என் கை. இவளும் போயிட்டா எனக்கு முதுகுதான் மிச்சம், மூட்டைய நான்தான் தூக்கணும். அதனால இந்தத் தடவை என் புத்திய நம்பல. உன்னை நம்பறேன். விடுன்னு சொன்னா நாளைக்கு விடுறேன். வேணாம்னு சொன்னா, தலைவியம்மா வையட்டும், சோளத்தட்டை போட்டு இவளை இங்கயே கட்டி வச்சுக்கறேன். ஏன்னுகூட கேக்க மாட்டேன்."

ஏன் என்றுகூடக் கேட்க மாட்டான். ஒரே சொல். அவன் வாசலை அவ்வளவு அகலமாகத் திறந்து வைத்திருந்தான்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்றவற்றை அவள் பார்த்தாள். இவன் கேட்காவிட்டால் தலைவி கேட்பாள். மொஹாபி மட்டும் ஏன் விடவில்லை? அப்படியானால் மருந்து? அப்படியானால் போன வருடம்? அப்படியானால் போனோலோ? ஓடைக்கரையில் அந்தச் செடி எங்கே முளைத்திருக்கிறது, காட்டு. எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பும். பக்கத்துப் பள்ளத்தாக்குத் தலைவரின் முகமும். மொஹாபியின் முகமும், மெதுவாக, புரிந்துகொண்டு.

காது சுட்டது. கழுத்து சுட்டது.

"விடுங்க அண்ணே," என்றாள். "நல்லாயிருக்கா."

அவன் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. தன்னுடையது ஈரமாக இருப்பதை அப்போதுதான் உணர்ந்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. கையைக் கழுவினாள். துடைத்தாள். மறுபடி கழுவினாள்.

விடியற்காலையில் ஊர் முழுக்கச் சரிவின் அடியில் நின்றது. மூடுபனிக்குள் போர்வைகளும் தொப்பிகளும். குதிரைகளின் மூச்சு வெள்ளையாக எழுந்து பனியோடு கலந்தது. யாரோ புளித்த சோளக் கஞ்சியைக் குவளையில் சுற்றுக்கு விட்டார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்குத் தலைவர் மெலிந்த, மரியாதையான மனிதர். டினேயோவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். தன் ஊர்க் குதிரைகளுக்கும் இவள்தான் வழிகாட்ட வேண்டும் என்றார். அவள் தரையைப் பார்த்தாள். வெட்கம் என்று எண்ணி எல்லாரும் சிரித்தார்கள். அது வெட்கம்தான்.

குதிரைகள் கற்குவியலுக்கு இப்பால் ஒரே கோட்டில் நின்றன. ஒன்றும் முன்னால் வரவில்லை. இளைத்த பிராணிகள், இடுப்பளவு புல்லுக்கு எதிரில், காதைப் பின்னால் மடித்து.

"மருந்து குடிச்ச கசப்பு இன்னும் போகல போல," என்றாள் தலைவி. அரிவாளை டினேயோவின் கையில் கொடுத்தாள். "போ."

அவள் போனாள்.

புல் முழங்காலில் பட்டது. தொடையில் பட்டது. பாவாடை நனைந்து கனத்தது. பின்னால் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டிருந்தது; பனி நடுவில் இறங்கியிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தாள். யாரும் தெரியவில்லை. முன்னாலும் எதுவும் தெரியவில்லை. அவளும் புல்லும்.

சத்தமே இல்லை. நேற்றுக் கேட்டது இன்று இல்லை.

அவள் மூச்சை அடக்கியிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

விட்டாள்.

சரிவு முழுக்க ஒரே நேரத்தில் தொடங்கியது.

குனிந்தாள். ஒரு பிடி. அரிவாள். இழுத்தாள். வந்தது. ஈரம் விரலிடுக்கில். திரும்பி நடந்தாள். ஓடக் கூடாது. ஓடினால் கேட்பார்கள். ஏன் ஓடினாய் என்று கேட்பார்கள்.

பனிக்குள்ளிருந்து முகங்கள் வந்தன. முன்னால் மொஹாபி. கயிற்றின் முனையில் நலேதி. முதல் குதிரை அவனுடையதாக இருக்கட்டும் என்று தலைவி தீர்மானித்திருந்தாள். பாவம், ஒன்றை இழந்தவன்.

பிடியை நீட்டினாள்.

நலேதி முகர்ந்தாள். மூக்கை இழுத்துக்கொண்டாள். கண்ணின் வெள்ளை தெரிந்தது. பின்னால் ஒரு அடி.

"ஏய், தங்கச்சிதான்," என்று மொஹாபி குதிரையின் காதில் சொன்னான். "நம்ம தங்கச்சி. சாப்பிடு."

இப்போதுகூட. கையை விரித்தால் போதும். புல் கீழே விழுந்துவிடும். விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். விரல்கள் மூடியே இருந்தன. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குதிரையின் உதடு அவள் உள்ளங்கையில் பட்டது. சூடாக. பற்கள். இழுப்பு. மெல்லும் சத்தம்.

மொஹாபி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

எல்லைக் கற்களை நகர்த்தினார்கள். நலேதி உள்ளே நடந்தாள். அவள் போனதும் மற்றவை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. வெயில் வந்தது. பனி கிழிந்து விலகியது. பச்சைச் சரிவில் குதிரைகள் தலை குனிந்து மேய்வதைப் பார்த்து யாரோ பாடத் தொடங்கினார்கள்.

அப்போது நலேதி நின்றாள். முதுகு வில்லாக வளைந்தது. வாலைத் தூக்கினாள்.

தண்ணீராக விழுந்தது. பிறகும் விழுந்தது. நிற்கவில்லை. பாட்டு நின்றது.

சிவப்பு.

ரத்தம் என்றுதான் எல்லாரும் முதலில் நினைத்தார்கள். ரத்தம் விழுந்த இடத்தில் கிடக்கும். இது கிடக்கவில்லை. சிவந்த நூல்கள். கை நிறைய, கூடை நிறைய. ஒன்றின்மேல் ஒன்று புரண்டு, பிரிந்து, வெயிலில் மின்னிக்கொண்டு.

தலைவி டினேயோவைப் பார்த்தாள். வந்திருந்த தலைவர் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். மொஹாபி கயிற்றை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பியிருந்தான்.

"தங்கச்சி?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு, தானாக, ஒரு சொல்லைக் கண்டுபிடித்தது.

"பயப்படாதீங்க," என்றாள். அவள் குரல் தெளிவாக இருந்தது. இதுவரை கூட்டத்தில் அப்படிப் பேசியதே இல்லை. "நல்லதுதான். மருந்து வேலை செய்யுது. சாகுற புழுதான் வெளிய வருது."

பிறகு மொஹாபியின் முகம் உடைந்து, அழுகையும் சிரிப்புமாக விரிந்தது. தலைவி பெருமூச்சு விட்டு அவள் தோளைத் தட்டினாள். ஒரு பெண் குலவையிட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சரிவின் மேலே இன்னொரு குதிரை வாலைத் தூக்கியது. இன்னொன்று. குலவை உயர்ந்தது.

எந்தக் குதிரையும் தன் கழிவு விழுந்த இடத்தில் வாய்வைக்காது. பசியில் செத்தாலும் சுற்றிப் போய்த்தான் மேயும்.

நலேதி திரும்பினாள். தான் விட்ட இடத்துக்கு வந்தாள். சிவந்து நெளியும் புல்லின்மேல் தலையைத் தாழ்த்தி, அதை மேயத் தொடங்கினாள். அவசரமில்லாமல். ஒரு நூல் விடாமல். பக்கத்துக் குதிரை தலையைத் தூக்கிப் பார்த்தது. நல்ல புல்லை விட்டுவிட்டு அவளிடம் வந்து குனிந்தது. அதற்குப் பின்னால் அடுத்தது. சரிவு முழுவதிலுமிருந்து குதிரைகள், ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், அந்தச் சிவப்பை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தன. பெண்கள் குலவையை நிறுத்தவில்லை.